கப்பல் வரும் பத்தி

கல்மண்டபம் பக்கத்துப் படிப்பகத்தில் நான் நூலகராகச் சேர்ந்தபோது சுதந்திரம் வந்து சில வருஷம்தான் ஆகியிருந்தது. பயிற்சியில் புத்தகத்துக்கு எண் போடவும், அட்டை எழுதவும், பழைய பேப்பரை மாதவாரியாகத் தைத்து வைக்கவும் கற்றுக்கொடுத்திருந்தார்கள். மீன்கூடையோடு ஜன்னலில் வந்து நிற்கும் வாசகரை என்ன செய்வது என்று மட்டும் சொல்லித் தரவில்லை.

அவள் மீன் விற்பவள். எழுத்து தெரியாது. ஒரே பிள்ளை கப்பலில் கரி அள்ளிப் போடப் போயிருந்தான். கடுதாசி நின்று மாதக்கணக்காகிவிட்டது. துறைமுகத்துக்கு வரும் கப்பல்களின் பெயரை இங்கிலீஷ் பேப்பரில் ஒரு பத்தியில் போடுவார்கள். தினமும் காலையில் அவள் கூடையை இறக்காமலே, மகன் போன கப்பலின் பெயரைச் சொல்லி, "டீச்சரம்மா, நம்ம கப்பலு போட்டுக்கீதா பாரு" என்பாள். படித்து வேலைக்குப் போகும் பெண் என்றால் அவளுக்கு டீச்சர்தான். நான் பார்த்துவிட்டு இல்லை என்பேன். "சரி, நாளிக்கு வர்றேன்" என்று போய்விடுவாள். அந்த 'இல்லை'யைச் சொல்ல நாளுக்கு நாள் எனக்கு வாய் வரவில்லை.

அதே பேப்பருக்காகக் கதவு திறக்குமுன் வந்து நிற்பவர் ரயில்வேயில் ரிட்டயரான ஒரு பெரியவர். யாராவது இருமினாலே சுவரிலிருந்த 'பேசாதீர்' பலகையைக் காட்டுவார். "இது லைப்ரரியா, மீன் மார்க்கெட்டாம்மா? நாத்தம் தாங்கல" என்று ஒருநாள் சீறினார். எனக்கும் மூக்குக்கு மேல் கோபம் வரும். "குழம்புல கொதிக்கும்போது மட்டும் மணக்குதா சார்?" என்றேன். அதோடு அவருக்கும் எனக்கும் பேச்சு நின்றது.

ஒரு காலை நான் அலமாரிக்குப் பின்னால் புத்தகம் அடுக்கிக்கொண்டிருந்தேன். பேப்பர் முதலில் அவர் கைக்குப் போய்விட்டது. திடீரென்று நாற்காலி விழுந்த சத்தம். ஓடி வந்து பார்த்தால், மனிதர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு தெருவைப் பார்த்துக் கத்துகிறார்: "ஏம்மா, மீன்காரம்மா! உன் கப்பல் வந்துடுச்சு, ஓடியா!" தினமும் கேட்டுக் கேட்டு அந்தப் பெயர் அவருக்கும் மனப்பாடமாகியிருந்தது.

அவள் முதல்முறையாக உள்ளே வந்தாள். "எங்க கீது? காட்டு நைனா." அவர் காட்டிய வரியில் ஈர விரலை வைத்து அழுத்தினாள். பிறகு கூடையை வாசிப்பு மேஜைமேலேயே போட்டுவிட்டுத் துறைமுகத்துக்கு ஓடினாள். மத்தியானம் மகனோடு அவள் திரும்பும்வரை பெரியவர் பேப்பரைச் சுருட்டிப் பூனைகளை விரட்டிக்கொண்டிருந்தார். எனக்கு அவரைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

மாதக் கடைசியில் பேப்பர்களைத் தைக்க எடுத்தேன். அந்த வரியின்மேல் ஒரு மீன்செதில் காய்ந்து ஒட்டியிருந்தது. அதையும் சேர்த்தே தைத்தேன்.