கணக்குத் தீராமல் உட்கார்ந்த பந்தி

ஒரு காலத்தில் என் போன் விடிவதற்கு முன்பே அடிக்கத் தொடங்கிவிடும். ஷீட் எப்போது வரும், முட்டு எப்போது பிரிப்பாய், நாளைக்கு எத்தனை ஆள் என்று ஆளாளுக்குக் கேட்பார்கள். நிம்மதியாகக் குளிக்கக்கூட விடமாட்டார்கள். "இன்னாய்யா இது, மனுசன கொஞ்ச நேரம் சும்மா இருக்க வுடமாட்டீங்களா" என்று கத்தியிருக்கிறேன். இப்போது விட்டுவிட்டார்கள். மதியம் தாண்டியும் ஒரு அழைப்பும் வராவிட்டால், போனில் சார்ஜ் இருக்கிறதா என்று எடுத்துப் பார்க்கிறேன். சார்ஜ் எல்லாம் நன்றாகவே இருக்கிறது.

நான் சென்ட்ரிங் மேஸ்திரி. வீட்டுக்குத் தளம் போடும்போது கான்கிரீட் இறுகும்வரை அதைத் தாங்கி நிற்கிற தகர ஷீட்டும் முட்டுக்கால்களும் என்னுடையவை. அடித்துக் கொடுத்து, இறுகிய பிறகு பிரித்து எடுத்துப் போவது என் வேலை. வீட்டுக்காரர் எனக்கு நேராகப் பணம் கொடுப்பதில்லை. அவர் மொத்த வேலையையும் ஒரு இன்ஜினியரிடம் ஒப்படைப்பார். இன்ஜினியர் அதைக் கூறு போட்டு எனக்கு, கம்பி கட்டுபவருக்கு, டைல்ஸ்காரருக்கு, பெயின்டருக்கு என்று பிரித்து விடுவார். பணம் மேலிருந்து கீழே இறங்கி வர வேண்டும். வருகிற வழியில் அதற்கு எவ்வளவோ வேலை வந்துவிடும்.

செலியமேட்டில் என் வீட்டில் இப்போது நான் மட்டும்தான். மகளுக்கு இரண்டாவது பிரசவம். மூத்தவனுக்குப் பள்ளிக்கூடம் இருப்பதால் அவளால் இங்கே வர முடியவில்லை, அதனால் என் மனைவி கடலூருக்குப் போயிருக்கிறாள். பேரன் பிறந்துவிட்டான், இன்னும் பெயர் வைக்கவில்லை. போகும்போது கவரிங் செயின் போட்டுக்கொண்டு போனாள். அவளுடைய தங்கச் செயின் அடகில் இருக்கிறது. பெயர் வைக்கும் நாளுக்குள் அதை மீட்டுத் தருகிறேன் என்று சொல்லித்தான் பஸ் ஏற்றிவிட்டேன். சம்பந்தி வீட்டுப் பெண்கள் முதலில் கழுத்தைத்தான் பார்ப்பார்கள் என்பது எனக்கும் தெரியும்.

செயின் அடகுக்குப் போனது ஏம்பலத்து வீட்டால். அரசு வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒருவர், வந்த பணத்தையெல்லாம் போட்டு மாடி வைத்துக் கட்டிய வீடு. கீழ்த்தளமும் மேல்தளமும் நான்தான் சென்ட்ரிங் அடித்தேன். இன்ஜினியர் என்னைவிட வயதில் சின்னவன். என்னை அண்ணே என்பான், நான் அவனைத் தம்பி என்பேன். கீழ்த்தளத்துக்குப் பாதிப் பணம் கொடுத்தான். மேல்தளத்துக்கு நாளை, நாளை மறுநாள் என்றான். என்னிடம் வேலை செய்தவர்கள் நாளை என்றால் சும்மா இருப்பார்களா? அவர்கள் வீட்டிலும் உலை வைக்க வேண்டுமே. அதனால் செயினை வைத்துக் கூலி கொடுத்தேன்.

எங்கள் பக்கத்துக் கட்டட வேலைக்காரர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. புது வீட்டுக் கிரகப்பிரவேசத்தில், வேலை செய்த மேஸ்திரிகளை வரிசையாக நிற்கவைத்துத் தாம்பாளத்தில் வேட்டி துண்டு கொடுப்பார்கள். அதற்குப் பிறகு பந்தி. கணக்குத் தீராதவன் வேட்டியை வாங்கிக்கொள்வான், பந்தியில் மட்டும் கை நனைக்க மாட்டான். வேலை இருக்கிறது என்று சொல்லி நகர்ந்துவிடுவான். யாரும் வாய் திறந்து ஒன்றும் சொல்ல வேண்டாம். எந்த மேஸ்திரி உட்காரவில்லை என்று வீட்டுக்காரர் கவனிப்பார். இன்ஜினியருக்குத் தர வேண்டிய கடைசிப் பணத்தை, அந்த மேஸ்திரியைக் கூப்பிட்டுக் கேட்காமல் கொடுக்க மாட்டார். மந்திரம் போட்ட மாதிரி பாக்கி வந்து சேர்ந்துவிடும்.

ஏம்பலத்தில் நான் போய் உட்கார்ந்தேன்.

அதை நினைத்தால் இன்றைக்கும் என் மேலேயே எனக்குக் கோபம் வருகிறது. நகர்ந்துவிடத்தான் பார்த்தேன். வீட்டுக்காரர் தானே வந்து என் கையைப் பிடித்தார். "இன்னா மேஸ்திரி, உன் கையால போட்ட தளத்துக்குக் கீழ நீ சாப்டாம போனா வூடு வெளங்குமா" என்றார். இன்ஜினியர் காதோரம் வந்து, "நாளைக்குக் காலைல வந்துரும்ணே, நல்ல நாள் அதுவுமா அவர் மனசு கஷ்டப்பட வேணாம்" என்றான். எனக்கும் பசி. நல்ல மனிதர் கூப்பிடுகிறார், உட்காரலாம் என்று உட்கார்ந்துவிட்டேன். பாயசம்கூட இரண்டாம் முறை வாங்கிக் குடித்தேன்.

அந்த நாளைக்காலை வரவே இல்லை. பொறுத்துப் பார்த்துவிட்டு வீட்டுக்காரரிடமே போய் நின்றேன். அவர் முகம் சுண்டிப்போனது.

"பந்தில உக்காந்து சாப்டியே மேஸ்திரி. எல்லாரும் சாப்டாங்க, எல்லாருக்கும் தீந்து போச்சுன்னு நெனச்சி அன்னிக்கிச் சாயந்தரமே அவனுக்குக் கடைசிப் பணத்த எண்ணிக் குடுத்துட்டேன். நீ உக்காராம இருந்திருந்தா நிறுத்தி வெச்சிருப்பேனே. இப்ப நான் ரெண்டாவது தபா எங்கேர்ந்து குடுக்குறது, சொல்லு."

அவர் பொய் சொல்லவில்லை. சத்தம் போடத்தான் போயிருந்தேன். மோர் குடித்துவிட்டுப் போ என்றார். வேண்டாம் என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன்.

வில்லியனூரில் ஒரு பெண் வக்கீல் இருக்கிறார் என்று கேள்விப்பட்டுப் போனேன். பொறுமையாகக் கேட்டார். எழுத்து ஏதாவது இருக்கிறதா என்றார். வாய்ப்பேச்சுதான் என்றேன். அவர் ஒன்றொன்றாக விளக்கினார். வீட்டுக்காரருக்கும் எனக்கும் ஒப்பந்தம் கிடையாது, அதனால் அவரைக் கேட்க முடியாது. இன்ஜினியர் மேல் வழக்குப் போடலாம், வருஷக்கணக்கில் இழுக்கும். பதிவு செய்த சிறு தொழில்காரர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. நான் பதிவு செய்யவில்லை. செய்திருந்தாலும் என் மாதிரி வேலை அதில் சேருமா என்பதே இழுபறி.

"என் ஆளுங்களுக்குக் கூலி வரலன்னா?" என்றேன்.

"அதுக்குச் சட்டம் இருக்குங்க. அவங்க உங்க மேல புகார் குடுக்கலாம்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்குக் கீழே இருப்பவனுக்குச் சட்டம் உண்டு. எனக்கு மேலே இருப்பவனிடம் காகிதமும் காசோலையும் உண்டு. நடுவில் நிற்கிற நான் முதலாளியும் இல்லை, தொழிலாளியும் இல்லை. வக்கீலும் சேர்ந்து சிரித்தார், பிறகு ஒரு மனுவை எடுத்துக் காட்டினார். அவரும் இன்னும் சிலரும் சேர்ந்து அரசாங்கத்திடம் கேட்கப்போவது இதுதான்: என்னைப்போல் இன்ஜினியருக்குக் கீழே உள்வேலை எடுப்பவர்களுக்கும் எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும். கடைசித் தவணையைக் கொடுப்பதற்கு முன், உங்கள் பாக்கி வந்ததா என்று வீட்டுக்காரர் அவர்களைக் கேட்டுக் கையெழுத்து வாங்க வேண்டும். நாங்கள் பந்தியில் செய்துகொண்டிருந்ததைத்தான் அவர் பேப்பரில் எழுதி வைத்திருந்தார். பாகூரில் ஒரு மண்டபத்தில் அதிகாரி ஒருவர் வந்து கருத்துக் கேட்கப் போகிறார், வந்து பேசுங்கள் என்றார்.

சரி என்று சொல்லிவிட்டேன். விஷயம் எப்படியோ வெளியே போய்விட்டது. அதிலிருந்துதான் என் போன் ஓய்ந்தது. என்னோடு சேர்ந்தால் இன்ஜினியர்கள் வேலை தர மாட்டார்களோ என்று எல்லோருக்கும் பயம். டீக்கடையில் நான் போய் உட்கார்ந்தால் பெஞ்சில் இருப்பவர்கள் சீக்கிரம் குடித்து முடித்துவிடுகிறார்கள். மேஸ்திரிகளின் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு குட்மார்னிங் படம்கூட வரவில்லை. என்னை யாரும் நீக்கவில்லை, என்னை விட்டுவிட்டு வேறு குரூப் ஆரம்பித்துவிட்டார்கள். இது எனக்குத் தெரியவே கொஞ்ச நாள் ஆனது. என்னிடம் இருந்த ஆட்கள் வேறு மேஸ்திரியிடம் போனார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஷீட்டுகள் தோட்டத்துப் பக்கம் அடுக்கிக் கிடந்தன. துருப் பிடிக்காமல் இருக்க நானே எண்ணெய் தடவினேன். வேலை இல்லாத நாளில் எண்ணெய் தடவுவதும் ஒரு வேலைதான். சமைத்தால் மிஞ்சுகிறது என்று ஒரு வேளை மட்டும் சமைக்கப் பழகினேன். மனைவி போனில் கேட்டால், வேலை நிறைய இருக்கிறது, மூச்சுவிட நேரமில்லை என்று சொன்னேன்.

கருத்துக் கேட்பு நாளன்று மண்டபத்தில் எங்கள் தொழில்காரர்கள் பலர் வந்திருந்தார்கள். என் பக்கத்து நாற்காலியில் மட்டும் ஒருவரும் உட்காரவில்லை. முன்வரிசையில் பில்டர்கள், இன்ஜினியர்கள். என்னைக் கூப்பிட்டதும் எழுந்து நடந்ததைச் சொன்னேன். பந்தியையும் சொன்னேன், பாயசத்தை விட்டுவிட்டேன். அதிகாரி நல்ல மனிதர், குறித்துக்கொண்டார். "ஒருத்தர் சொல்றத வெச்சி மேல எழுத முடியாதுங்க. வேற யாருக்காவது இப்படி ஆயிருக்கா? கை தூக்குங்க" என்றார்.

நான் திரும்பிப் பார்த்தேன். என்னைப்போலவே ஏமாந்தவர்கள், என் தோளில் சாய்ந்து அழுதவர்கள்கூட, அங்கே இருந்தார்கள். ஒருவன் போனைப் பார்த்தான். ஒருவன் விசிறியைப் பார்த்தான். அந்த மண்டபத்தில் அன்று இருந்த மாதிரி அத்தனை தனியாக நான் என் வீட்டில்கூட இருந்ததில்லை.

அப்போது முன்வரிசையில் ஒரு கை உயர்ந்தது. ஏம்பலத்து இன்ஜினியர்.

"எனக்கும் ஆயிருக்கு சார்" என்றான். டவுனில் ஒரு பெரிய காண்ட்ராக்டரிடம் குடோன் வேலையை உள்ளாக எடுத்தானாம். முடித்துக் கொடுத்தும் பணம் வரவில்லையாம். "எனக்கு மேலேர்ந்து வரல. அதனாலதான் கீழ குடுக்க முடியல" என்று சொன்னபோது அவன் என் பக்கம் பார்க்கவில்லை.

ஆக, ஏம்பலத்து வீட்டுக்காரர் எண்ணிக் கொடுத்த என் பணம் யாரோ ஒருவருடைய குடோனில் சிமென்டாக நிற்கிறது. எழுந்து அவன் சட்டையைப் பிடிக்க வேண்டும் என்றுதான் தோன்றியது. ஆனால் உண்மையைச் சொல்கிறேன், அதைவிட அதிகமாக எனக்கு ஆறுதலாக இருந்தது. அத்தனை பேரில் ஒருவனாவது கை தூக்கினானே. அந்த ஒருவன் இவனாக இருக்க வேண்டுமா என்பது வேறு விஷயம்.

வெளியே வண்டி நிறுத்தும் இடத்தில் என்னருகே வந்து நின்றான்.

"அங்கேர்ந்து துட்டு வந்தா மொதல்ல எனக்குத் தருவியா?" என்று கேட்டேன்.

"சிமென்ட் கடைக்காரன் நான் குடுத்த செக்க வெச்சிக்கினு இருக்கான்ணே. அவனுக்குக் குடுக்கலன்னா கேஸ் போட்டுடுவான்."

"என்கிட்ட செக்கு இல்ல."

"அதான்ணே" என்றான். அவனும் மறைக்கவில்லை, நானும் மேலே கேட்கவில்லை.

பிறகு ஒரு நாள் மதியம் போன் அடித்தது. அவன்தான். நெட்டப்பாக்கத்தில் ஒரு வீடு, தளம் போட வேண்டும். "உன் ஷீட்டு சும்மாதானண்ணே கெடக்குது. எனக்கும் இப்ப யாரும் ஆள் அனுப்ப மாட்றாங்க. கொஞ்சம் அட்வான்ஸ் இன்னிக்கே அனுப்பறேன்" என்றான். தொகையைச் சொன்னான். செயினை மீட்க அது போதும். பெயர் வைக்கும் நாளும் நெருங்கியிருந்தது.

என் வாய் சும்மா இருக்கவில்லை. "வர்றேன் தம்பி. ஒண்ணே ஒண்ணு. வூட்டுக்காரர்கிட்ட என்னக் கூட்டினு போ. உனக்குக் கடைசிப் பணம் குடுக்கறதுக்கு முன்னாடி என்ன ஒரு வார்த்த கேக்கணும்னு மூணு பேரும் எழுதிக்கலாம்."

"அப்டி நான் பேசினா இவன் துட்டு குடுக்காத ஆளுன்னு இல்லண்ணே அவர் நெனப்பாரு" என்றான்.

"அன்னிக்கி நீதானப்பா கை தூக்குன?"

"அது சட்டமா வந்தா எல்லாருக்கும்ணே. எல்லாரும் செஞ்சா நானும் செய்வேன். நான் மட்டும் தனியா செஞ்சா எனக்கு எவன் வூடு குடுப்பான்?"

கோபமாகச் சொல்லவில்லை, கெஞ்சுகிற மாதிரிதான் சொன்னான். மண்டபத்தில் விசிறியைப் பார்த்தவர்களும் மனதுக்குள் இதைத்தான் சொல்லியிருப்பார்கள். அதற்குத்தான் சட்டம் வேண்டும் என்கிறேன், தனித்தனி ஆளின் தைரியத்தை நம்பி இது ஆகாது. ஆனால் அவனிடம் அதை எப்படிச் சொல்வது? "யோசிச்சி சொல்லுண்ணே, சாயந்தரம் வரைக்கும் பாக்கறேன்" என்று வைத்துவிட்டான்.

நான் கூப்பிடவில்லை. அவனும் கூப்பிடவில்லை. அடுத்த நாள் நெட்டப்பாக்கம் வழியாகப் போனபோது வேறு யாருடைய ஷீட்டோ அங்கே இறங்கிக்கொண்டிருந்தது.

அன்றைக்குப் போனில் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வேலை இல்லாததை, மண்டபத்தை, வந்த வேலையை, நான் போட்ட நிபந்தனையை, செயின் வராது என்பதை. பேரன் சிணுங்குவது கேட்டது.

"நீ கேட்டது நாயந்தான்" என்றாள். பிறகு, "எனக்கோசரம் இந்த ஒரு தபா கேக்காம இருந்திருக்கலாம்" என்றாள்.

அவளே தொடர்ந்தாள்:

"சரி வுடு. பேரு வெக்கிற அன்னிக்கி நேரத்தோட வந்துடு. நான் பொடவத் தலப்ப இழுத்துப் போத்திக்கினா கழுத்து தெரியாது."

வருகிறேன் என்று சொன்னேன். குழந்தைக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று போனை வைத்தாள்.