மாப்பிள்ளைக்குக் கிடைத்த பேச்சு

அப்பாவின் ஆண்டுத் திதிக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களையும் நண்பர்களையும், மகளாகிய நான் வணங்கி எழுதுகிறேன். அப்பாவின் நற்குணங்களை மட்டும் எழுது என்று தம்பி சொன்னான். அதைத்தான் எழுதுகிறேன். இடையிடையே என் வயிற்றெரிச்சலும் எட்டிப் பார்க்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பா நுவரெலியா பக்கம் ராகலைக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில், கடைசிக் காம்பரா அறையில் பிறந்தவர். சிறுவயதிலேயே தாயை இழந்தவர். தேயிலை ஸ்டோரில், அதாவது தொழிற்சாலையில், கொழுந்து வாட்டும் மாடியில் வேலை செய்து, அங்கேயே எஞ்சின் பழுதும் பார்க்கப் பழகி எங்கள் இருவரையும் படிக்க வைத்தார். குடிக்க மாட்டார், யாரையும் கடிந்து பேச மாட்டார். உண்மையைச் சொன்னால், பேசவே மாட்டார். "சாப்பிட்டியாம்மா?", "பஸ் கெடச்சிச்சா?" நான் ஆசிரியையாகி நானுஓயாவுக்குப் போய்வந்த காலத்திலும் எனக்குக் கிடைத்தது இவ்வளவுதான்.

அப்படிப்பட்டவரிடம் ஒரு பழைய மோட்டார் சைக்கிளோடு வந்து சேர்ந்தார் என் கணவர். அவர் மலைக்குக் கீழே கொத்மலைப் பக்கத்துக்காரர். திருமணம் முடிந்து மறுவீட்டுக்கு வந்தபோது, கடைசி ஏற்றத்தில் வண்டி கரும்புகை கக்கி வாசலிலேயே நின்றுவிட்டது. அம்மா ஆரத்தித் தட்டோடு நிற்கிறார். நான் பட்டுச் சேலையில் நிற்கிறேன். அப்பா நேரே வண்டியருகே போய்க் குந்திவிட்டார்.

"மாப்பிள்ள, கீழ வச்ச கார்புரேட்டர் செட்டிங்கோட மேல ஏறி வந்திருக்கீங்க. இங்க காத்து லேசு, அதுக்கு இவ்ளோ பெட்ரோல் ஆகாதுங்க. பிளக்க கழட்டிப் பாருங்க, கரி புடிச்சிருக்கும்."

கரிதான் பிடித்திருந்தது. பிளக்கைத் துடைத்து, ஏர் ஸ்குருவைச் சற்று வெளியே திருப்பியதும் எஞ்சின் சீராக ஓடியது. அதற்குள் ஆரத்திச் சூடம் அணைந்தே போனது. அப்பா அவ்வளவு நீளமாகப் பேசி அன்றுதான் கேட்டேன், அதுவும் நேற்று வந்தவரிடம்.

பிறகு நாங்கள் ராகலையிலேயே குடியேறினோம். ஞாயிறு வந்தால் மாமனாரும் மருமகனும் அந்த வண்டியின் முன்தான். கார்புரேட்டர் ஜெட் அடைத்துவிட்டது, டேங்கில் துரு இறங்குகிறது என்று ஓயாத பேச்சு. அடுப்படி ஜன்னலில் நின்று எல்லாவற்றையும் கேட்பேன். தேநீர் கொடுக்கிற சாக்கில், "என்ன கோளாறுப்பா?" என்று கேட்டால், "ஒனக்கு எதுக்கும்மா, சேலையில கறை பட்டுரும்" என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். சக்களத்திமேல் பொறாமைப்பட்டவர்கள் உண்டு. அப்பாவின் பேச்சுக்காக, கட்டிய புருஷன்மேலேயே பொறாமைப்பட்டவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

பெட்ரோல் தட்டுப்பாட்டின்போது, கிடைத்ததைக் கேனில் ஊற்றி வீட்டுக்குப் பின்னால் வைத்திருந்தோம். இங்கே பெய்யும் மழைக்கும் பனிக்கும் அது தாங்குமா? கணவர் கொழும்புக்குப் போயிருந்த சமயம், சந்தைக்குப் புறப்பட்ட அப்பா உதைத்து உதைத்துப் பார்த்தார், வண்டி கிளம்பவில்லை.

"பெட்ரோல்ல தண்ணி கலந்திருக்கும்பா. கார்புரேட்டர் அடிக் கிண்ணத்த வடிச்சுப் பாருங்க" என்றேன்.

அப்பா என்னை நிமிர்ந்து பார்த்தார். வடித்தார். பெட்ரோலுக்கு அடியில் தண்ணீர் மணிமணியாக உருண்டது. டேங்கையும் வடித்து நல்ல பெட்ரோல் ஊற்றியதும் வண்டி கிளம்பியது. எனக்கு ஒரு வார்த்தை வரும் என்று காத்து நின்றேன். அப்பா போனை எடுத்தார்.

"மாப்பிள்ள, தண்ணிதாங்க..."

சந்தையையே மறந்து பேசிக்கொண்டிருந்தார்.

கடைசி நாட்களில் நெஞ்சுச் சளி முற்றி நுவரெலியா ஆஸ்பத்திரியில் இருந்தார். இரவும் பகலும் கூட இருந்தவள் நான். கண் திறந்தால், "மாப்பிள்ள வரலியா?" என்றுதான் கேட்பார். கணவர் வந்து அவர் வாயருகே காதை வைத்துக் கேட்டார். சுடுதண்ணீர் வாங்கப் போன நான் திரும்புவதற்குள் அப்பா உறங்கிவிட்டார். மறுநாள் எங்களை விட்டுப் போய்விட்டார்.

காரியம் முடிந்ததும் கணவரைக் கேட்டேன்.

"அப்பா ஒங்ககிட்ட என்னங்க சொன்னாங்க?"

"டேங்குல பழைய பெட்ரோல் கெடக்கு, வடிச்சிருங்கன்னாங்க."

"என்னயப் பத்தி?"

அவர் டேங்கை வடிக்க எழுந்து போனார். ஒரு பொய்யாவது சொல்லியிருக்கலாம். அது அவருக்கு வராது. அதனால்தான் அப்பாவுக்கு அவரைப் பிடித்ததோ என்னவோ.

அப்பாவைப் பரிவோடு பார்த்துக்கொண்ட ஆஸ்பத்திரித் தாதிமாருக்கும், வேன் தந்துதவிய டவுன் கடை முதலாளிக்கும், அடுப்பு மூட்டவிடாமல் எங்களுக்குச் சோறு போட்ட லயத்து மக்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

கடைசியாக என் கணவருக்கு. அப்பாவுக்குப் பேச்சுத்துணையாக இருந்தீர்கள், நன்றி. பொறாமை மட்டும் இன்னும் தணியவில்லை. அவர் உங்களிடம் பேசியதையெல்லாம் இனி ஞாயிறுதோறும் எனக்குச் சொல்லுங்கள். கார்புரேட்டர் பேச்சாகவே இருக்கட்டும். என் அப்பா பேசியதுதானே.