அக்கா ஜிபிஎஸ் வாங்கிய கதை

என் அக்காவுக்கு இடது வலது தெரியாது. சும்மா நிற்கும்போது கேட்டால், எழுதுகிற கையை லேசாக அசைத்துப் பார்த்துவிட்டுச் சரியாகச் சொல்லிவிடுவாள். ஓட்டிக்கொண்டிருக்கும்போது கேட்டால் போச்சு. மற்ற எல்லாவற்றிலும் அவள் படு கெட்டிக்காரி. பிசியோதெரபிஸ்ட். காரில் வீடு வீடாகப் போய், முட்டி ஆபரேஷன் ஆனவர்களையும் பக்கவாதம் வந்தவர்களையும் எழுந்து நடக்க வைக்கிறவள். "இடது காலைத் தூக்குங்க" என்று அவள் சொல்லி யாரும் கேட்டதில்லை. காலைத் தொட்டு, "இந்தக் காலைத் தூக்குங்க" என்பாள். நோயாளிகள் அதை அன்பு என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நானும் காட்டிக்கொடுப்பதில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவளுக்குக் கார் வேண்டாம், சைக்கிள்தான். எங்கள் ஊர் சைக்கிள் குழுவில் அவளும் நானும் இருக்கிறோம். குழுத்தலைவர் பல் டாக்டர். முன்னால் போகிறவர் ஒவ்வொரு திருப்பத்திலும் எந்தப் பக்கம் என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். பின்னால் வருகிறவர்கள் அதை வாங்கி வால் வரைக்கும் கடத்த வேண்டும். இதுதான் குழுவின் சட்டம். சென்ற முறை அக்கா முன்னால் போனாள். "இடது" என்று கத்திவிட்டு வலது பக்கம் திரும்பினாள். நான் வேலிச்செடிக்குள் போய் விழுந்தேன். எனக்குப் பின்னால் வந்த பேக்கரிக்காரர் என் மேல் விழுந்தார். அவர் எடை என்னவென்று என் விலா எலும்புக்குத்தான் தெரியும்.

பக்கத்து ஊர்க் குழுவும் சேர்ந்துகொள்ளும் பெரிய பயணம் ஒன்று வந்தது. அக்காதான் முன்னால் போவேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். பல் டாக்டர் அரை மனதாகச் சம்மதித்தார். "இந்தத் தடவையும் சொதப்பினா நானே வாலுக்குப் போயிடறேன். இனிமே முன்னாடின்ற பேச்சையே எடுக்க மாட்டேன்" என்று அவள் வாக்குக் கொடுத்துவிட்டாள். சொன்னதைச் செய்கிற ஆள் அவள்.

அதே மாதம் இன்னொன்றும் நடந்தது. மாமா, அதாவது அக்காவின் கணவர், மாலைப் பள்ளியில் கணக்கு வாத்தியார். பகலெல்லாம் காரில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து வழி சொல்லிக்கொண்டு வருவார். அவரைக் காலைப் பள்ளிக்கு மாற்றிவிட்டார்கள். ஆக, காருக்கும் வழிகாட்ட ஆள் வேண்டும், சைக்கிளுக்கும் வேண்டும். போன் இருக்கிறதே என்பீர்கள். அவள் போனில் ஐந்து நிமிடத்துக்கு ஒரு நோயாளி கூப்பிடுவார், வழி காட்டுகிற படம் ஓடி ஒளிந்துகொள்ளும். மழை பட்டால் திரை அதுவாகவே யாருக்காவது போன் போடும்.

"ஒரு ஜிபிஎஸ் வாங்கிடறேன்" என்றாள் அக்கா. அன்றிலிருந்து அவளுக்குத் தலைகால் புரியவில்லை. மாமாவின் முகம் மட்டும் தொங்கிப்போனது.

"வாங்கிக்க. அதுக்குக் காபி கூடப் போட்டுக் குடுக்க வேணாம்" என்றார்.

சனிக்கிழமை மூன்று பேரும் கடைக்குப் போனோம். கடைக்காரர் மேஜை மேல் மூன்றை எடுத்து வைத்தார். முதலாவது காருக்கானது, தட்டு அளவுக்குத் திரை. அதை சைக்கிளில் மாட்டினால் அக்காவுக்குச் சாலை தெரியாது. இரண்டாவது சைக்கிளுக்கானது, தீப்பெட்டி அளவு. பேசாது, 'பீப்' என்று மட்டும் சொல்லும். அக்கா கண்ணாடியை நெற்றியில் ஏற்றி, இறக்கி, மறுபடி ஏற்றிப் பார்த்துவிட்டு, "இதைப் படிக்கறதுக்கு இன்னொரு மிஷின் வேணும்" என்றாள். மூன்றாவது உள்ளங்கைக்கு அடக்கமாக இருந்தது. நனையலாம். கையுறையோடு தொடலாம். கார் கண்ணாடியில் ஒட்ட ஒரு பிடி, சைக்கிளில் திருக ஒரு பிடி. கார், சைக்கிள் இரண்டுக்கும் தனித்தனி வழி தெரியும், வாய் விட்டுப் பேசும். அக்கா அதைக் கையில் எடுத்தவள் கீழே வைக்கவில்லை.

"ஓட்டிப் பாத்துட்டே வாங்குங்க" என்று கடைக்காரர் எங்களோடு காரில் ஏறினார். பாவம், அவருக்கு என்ன தெரியும்.

மாமா வழக்கமான இடத்தில், அக்காவுக்குப் பக்கத்தில். நானும் கடைக்காரரும் பின்னால். மாமா கைகளைக் கட்டிக்கொண்டு, வாய் திறப்பதில்லை என்று சபதம் எடுத்தவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். "இருநூறு மீட்டரில் இடப்பக்கம் திரும்பவும்" என்றது கருவி, ரொம்ப மரியாதையாக. அக்கா வலப்பக்கம் திரும்பினாள். கருவி வேறு வழி தேடி, "வலப்பக்கம் திரும்பவும்" என்றது. அவள் இடப்பக்கம் திரும்பி ஒரு கார் கழுவும் கூடத்துக்குள் நுழைந்தாள். நாலு பக்கமும் நுரை. கடைக்காரர் கதவுப் பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

வெளியே வந்ததும் அக்கா வேகத்தைக் குறைத்தாள். "எனக்கு இது சரிப்படாது. ஞாயித்துக்கிழமை நான் வாலுக்கே போயிடறேன்" என்றாள். குரல் உடைந்திருந்தது. எனக்கு மனசு கேட்கவில்லை. மாமாவுக்கும் கேட்கவில்லை போலிருக்கிறது. அடுத்த முனை வந்தபோது கட்டிய கையைப் பிரிக்காமலே, "என் பக்கம்" என்றார்.

அக்கா யோசிக்காமல் அவர் பக்கம் திரும்பினாள்.

"உன் பக்கம்" என்றார் அடுத்த முனையில். அவள் பக்கம் திரும்பினாள். இன்னும் நாலு முனை. ஒன்று கூடத் தப்பவில்லை. இத்தனை வருடமாக இவர்கள் காரில் இடது, வலது என்ற சொற்களே கிடையாது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

கடைக்காரர் முன்னால் எட்டிப் பார்த்தார். "சார், இதுல ஒவ்வொரு அறிவிப்புக்கும் நம்ம குரலையே பதிவு பண்ணலாம். பசங்க விளையாட்டுக்குப் பண்ணுவாங்க."

அக்கா காரை ஓரமாக நிறுத்திவிட்டு மாமாவைத் திரும்பிப் பார்த்தாள். அவள் முகத்தில் இருந்த வெளிச்சத்தைப் பார்த்த பிறகு வேறு எந்தக் கருவியைப் பற்றியும் பேச்சே எழவில்லை.

வீட்டுக்கு வந்ததும் சமையலறையைச் சாத்திக்கொண்டோம். இரைகிறது என்று பிரிட்ஜை அணைத்தேன். மாமா தொண்டையைச் செருமி, கரும்பலகை முன்னால் நிற்கிற குரலில், "என் பக்கம் திரும்பவும்" என்றார்.

"இப்படியா கார்ல சொல்வீங்க" என்றாள் அக்கா.

"நீ பக்கத்துல உக்காந்து ஓட்டினாத்தான் எனக்கு வரும்."

ஆகவே இரண்டு நாற்காலிகளைப் பக்கத்தில் பக்கத்தில் போட்டோம். அக்கா ஒரு தட்டை ஸ்டீயரிங் மாதிரி பிடித்துக்கொண்டு, இல்லாத சாலையை உற்றுப் பார்த்து ஓட்டினாள். மாமாவின் கால் தானாக இல்லாத பிரேக்கை மிதித்தது. குரலும் தானாக வந்தது: "என் பக்கம், என் பக்கம், மெதுவா." நான் சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே ஓடிப்போனேன். அதனால் மீதிப் பதிவு என் காதில் விழவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை நாற்பது பேர். அக்கா முன்னால், அவளுக்குப் பின்னால் பல் டாக்டர், நான் ஐந்தாவது ஆள். முதல் திருப்பம் நெருங்கியது. கருவி, "என் பக்கம், என் பக்கம், மெதுவா" என்றது. அக்காவும் உற்சாகத்தில் தொண்டை கிழிய, "அவர் பக்கம்" என்று கத்தினாள்.

பல் டாக்டர் ஆடிப்போனார். ஆனால் அவள் எந்தப் பக்கம் சாய்கிறாள் என்பது தெரிந்தது. சட்டம் சட்டம்தானே, அவரும் "அவர் பக்கம்" என்று பின்னால் கடத்தினார். வால் வரைக்கும் போயிற்று. பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் என்னிடம், "யார் பக்கம்?" என்றார்.

"எங்க மாமா பக்கம்."

"அவர் எங்க?"

"அந்தப் பெட்டிக்குள்ள."

மூன்றாவது திருப்பத்துக்குள் நாற்பது பேரும் பழகிவிட்டார்கள். "அவர் பக்கம்", "அக்கா பக்கம்" என்று தெருவே அதிர்ந்தது. ஒரு வீட்டு மாடியிலிருந்து ஒருவர் பல் துலக்குவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார். இப்படி ஒரு சந்தோஷத்தோடு நான் சைக்கிள் மிதித்ததே இல்லை.

ஆற்றுப் பாலத்தில் வந்தது வினை. பாலத்தை வேலைக்காக அடைத்திருந்தார்கள். முன்னால் ஐந்தாகப் பிரியும் சந்திப்பு, பக்கவாட்டில் லாரிகள். "இடது, இடது" என்றார் பல் டாக்டர். "வலதுல போங்க" என்றார் பேக்கரிக்காரர். அக்காவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. சைக்கிள் தள்ளாடியது. பின்னால் எல்லோரும் நெருக்கிக்கொண்டு வருகிறார்கள். விழப்போகிறாள் என்றே நினைத்தேன்.

அப்போது வழியைத் தேடிக்கொண்டிருந்த கருவியிலிருந்து மாமாவின் குரல் வந்தது: "இரு, இரு. பதறாத. நான் பாத்துச் சொல்றேன்."

அக்காவின் தோள் இறங்கியது. சைக்கிள் நேரானது. ஒரு மூச்சு விடுகிற நேரம் கழித்து, "உன் பக்கம்மா, போ" என்றது. "என் பக்கம்" என்று அவள் கத்தியது லாரி இரைச்சலையும் மீறிக் கேட்டது. அத்தனை சைக்கிளும் ஒரே கயிறாக அவள் பின்னால் வளைந்தன. ஒருவர் கூட விழவில்லை, ஒருவர் கூடப் பிரியவில்லை.

பூங்கா வாசலில் பயணம் முடிந்தது. "வந்தாச்சு. ஹேண்ட் பிரேக்கைப் போடு" என்றது கருவி. எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அங்கே காத்திருந்த மாமாவுக்குச் சைக்கிள் ஓட்டவே தெரியாது. ஆனால் அவர் குரல் கேட்டதும் முன்பின் தெரியாதவர்கள் எல்லாம் வந்து கை குலுக்கினார்கள். வாத்தியார் கூச்சத்தில் நெளிந்தார்.

பல் டாக்டர் ஹெல்மெட்டைக் கழற்றினார். "அடுத்த வாரமும் நீங்கதான் முன்னாடி. சரியா?"

அக்கா மாமாவைப் பார்த்தாள்.

"என்னை எதுக்குப் பாக்கற?" என்றார் மாமா. "ஓட்டினது நீ."