முட்டை ஓட்டுத் தோரணம்

ஆகஸ்ட் பதினைந்து வந்தால் எங்கள் வீட்டில் முட்டை ஊதுவோம். கோழிப்பண்ணைக்காரர்கள் வீடு, முட்டைக்குப் பஞ்சமில்லை. லாரியில் ஏற்ற முடியாத கோணல் முட்டை, குட்டி முட்டை எல்லாம் என் சமையலறைக்குத்தான் வந்து சேரும். ஊசியால் மேலும் கீழும் துளை போட்டு, ஒரு பக்கம் வாய் வைத்து ஊதினால் மறுபக்கம் வெள்ளையும் மஞ்சளும் கிண்ணத்தில் இறங்கிவிடும். ஓட்டைக் கழுவிக் காயவைத்து, சிலதுக்குக் காவி, சிலதுக்குப் பச்சை அடித்து, மிச்சத்தை வெள்ளையாகவே விட்டு, தீவன மூட்டை தைக்கிற நூலில் கோத்தால் வாசலுக்குத் தோரணம் தயார்.

இதை ஆரம்பித்து வைத்தது என் மகள். சின்ன வகுப்பில் படிக்கும்போது அவள் ஒட்டிய காகிதக் கொடி மழையில் சாயம் போய்விட்டது. நனைந்தாலும் கெடாத கொடி வேண்டும் என்று அழுதாள். அதிலிருந்து வருடா வருடம் முட்டை ஓடுதான். ஊதும்போது அவளுக்குக் கன்னம் உப்பி, கண் பிதுங்கிவிடும். எனக்குச் சிரிப்பு வரும். "சிரிக்காதம்மா, உடைஞ்சிரும்" என்று அதட்டுவாள். ஊதியெடுத்ததைப் பணியார மாவில் அடித்துக் கலந்துவிடுவேன். கேரட் போட்டது, வெறும் மாவு, முருங்கைக்கீரை அரைத்தது என்று மூன்று நிறத்தில் பணியாரம். ஊரே மிட்டாய் தின்கிற நாளில் நாங்கள் காரப் பணியாரம் தின்போம். பச்சைப் பணியாரம் முழுக்க அவளுக்குத்தான்.

பதினொன்றாம் வகுப்பு வந்ததும் அவளை ஹாஸ்டலில் சேர்த்தோம். ராசிபுரம் பக்கம் ஒரு பள்ளிக்கூடம். தூரமெல்லாம் இல்லை, வீட்டிலிருந்து அரை மணி நேரம். அந்தப் பள்ளிக்கூடத்து பஸ், குட்டிப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு தினமும் எங்கள் வாசல் வழியாகத்தான் போய்வருகிறது. "அதுலயே போய்ட்டு வரட்டுமுங்க" என்று கேட்டுப் பார்த்தேன். "ஊட்டுல இருந்தா டிவி, போனு, அம்மான்னு புள்ள கெட்டுப் போயிரும்" என்றார் என் கணவர். என்னையும் டிவியோடு சேர்த்துவிட்டார். இந்தப் பக்கத்தில் இது யாருக்கும் விசித்திரமாகப் படாது. பள்ளிக்கூடத்துச் சுவரை ஒட்டிக் குடியிருப்பவரும் பிள்ளையை ஹாஸ்டலில்தான் விடுவார். கோழியைக் கூண்டில் வைத்தால்தான் ஒழுங்காக முட்டையிடும் என்று தொழிலில் படித்த படிப்பு. பிள்ளைகள் விஷயத்தில் மட்டும் வேறு புத்தி எங்கிருந்து வரும்?

ஆனால் கொடியேற்றுகிற அன்று கேட்டைத் திறந்துவிடுவார்கள். அது அங்கே வழக்கம். தம்மம்பட்டியிலிருந்தும் ஓமலூரிலிருந்தும் பெற்றவர்கள் பாயும் கேரியரும் தூக்கிக்கொண்டு வந்து, புங்கமரத்தடியில் உட்கார்ந்து பிள்ளைகளுக்கு ஊட்டிவிடுவார்கள். மீசை அரும்பிய பையன்கள்கூடக் கூச்சமில்லாமல் வாயைத் திறப்பார்கள். முதல் வருடம் நாங்களும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தோம்.

இரண்டாம் வருடம், அவள் பன்னிரண்டாவது. சுதந்திர தினத்துக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை வார்டன் போனிலிருந்து பேசினாள்.

"பதினஞ்சாந்தேதி வந்துருவீல்லம்மா? ஒண்ணு சொல்லோணும்."

"இப்பவே சொல்லு சாமி."

"போன்ல வேண்டாம். நீ வா."

அதற்குமேல் எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. உடம்புக்கு ஏதாவதா, யாராவது ஏதாவது செய்துவிட்டார்களா, படிக்க முடியவில்லையா? என் கணவரிடம் சொன்னேன். "நோட்டு, பேனா கேப்பா. நீ ஏம்புள்ள பெருசு பண்ற?" என்றார். நான் தனியாக உட்கார்ந்து முட்டை ஊதினேன். போன வருடத்தைவிட நீளமாகத் தோரணம் கட்டினேன். மரத்தடியில் இதைப் பிரித்துக் காட்டினால் சிரிப்பாள், சிரித்துவிட்டால் சொல்லிவிடுவாள் என்று ஒரு கணக்கு. விடிந்ததும் பணியாரம் சுட்டுக் கேரியரில் அடுக்கிக்கொண்டு கிளம்பினோம்.

கேட் சாத்தியிருந்தது. வெளியே கார்களும் பைக்குகளும் கேரியர்களுமாக நின்றன.

"மெசேஜ் பாக்கலீங்களா?" என்றார் வாட்ச்மேன். "பன்னெண்டாவதுக்கு இன்னிக்கு டெஸ்டுங்க. யாரையும் உள்ள உட வேண்டாம்னுட்டாங்க."

"கொடி ஏத்தறாங்கல்லங்க?"

"அது சின்னப் புள்ளைங்களுக்குங்க."

"இந்தக் கம்பிக்கு வெளியவே நிக்கறனுங்க. ஒருக்கா மொகத்தைப் பாத்துட்டுப் போயிர்றேன்."

"என்ற வேலை போயிருமுங்கம்மா."

அவரைத் திட்டி என்ன ஆகப்போகிறது? வெளிச் சாப்பாடும் உள்ளே போகக்கூடாதாம். அப்போது உள்ளேயிருந்து வந்த ஒரு டீச்சர் என் கையிலிருந்த பையை எட்டிப் பார்த்தார். "அட, டெக்கரேஷனுங்களா! குடுங்க மேடம், ஸ்டேஜுக்கு ஆவும்." மகளின் பெயரையும் வகுப்பையும் சொல்லி, அவள் கையில் கொடுக்கச் சொன்னேன். "சரிங்க, சரிங்க" என்று வாங்கிக்கொண்டு போனார்.

திரும்பி வரும் வழியில் என் கணவர் காரை ஓரங்கட்டிக் கேரியரைத் திறந்தார். பச்சைப் பணியாரமாக எடுத்துத் தின்றார். "உப்புக் கொஞ்சம் கம்மி" என்றார். அந்த மனிதனோடு இத்தனை வருடம் குடும்பம் நடத்தியிருக்கிறேன், அன்றைக்குப்போல அவர்மேல் வெறுப்பு எனக்கு வந்ததில்லை.

வீடு வந்து சேருவதற்குள் பெற்றோர் குரூப்பில் போட்டோ வந்துவிட்டது. மேடையில், போர்வெல் போடுகிற ரிக் வண்டி முதலாளி ஒருவர் சிறப்பு விருந்தினராக மைக் பிடித்து நிற்கிறார். அவர் தலைக்குப் பின்னால் என் தோரணம். கீழே 'மாணவர்களின் கைவண்ணம்' என்று எழுதியிருந்தார்கள். பக்கத்தில் உட்கார்ந்துகொண்டே என் கணவர் அதற்குக் கைதட்டுகிற பொம்மை போட்டார்.

அடுத்த ஞாயிறு போன் வந்தபோது கேட்டேன். "மிஸ் பக்கத்துல இருக்காங்கம்மா" என்றாள். ஆயுத பூஜை லீவுக்கு வந்தபோது மறுபடி கேட்டேன். "என்னது? எனக்கு ஞாபகமில்லையே" என்று புத்தகத்தைப் புரட்டினாள். மெலிந்திருந்தாள். கூப்பிட்டால் உடனே எழுந்து நின்றாள். சாப்பிட்ட தட்டைத் தானே கழுவி வைத்தாள். "பாத்தியா, எப்படி ஒழுக்கம் வந்துருக்குது!" என்று என் கணவருக்குப் பெருமை தாங்கவில்லை. நல்ல மார்க் வாங்கினாள். இப்போது கோயம்புத்தூரில் காலேஜ். யார் வந்தாலும் அவர் அந்தப் பள்ளிக்கூடத்தைத்தான் சிபாரிசு செய்கிறார்.

இந்த வருடம் சுதந்திர தினத்தை ஒட்டி லீவு சேர்ந்து வந்ததால் வீட்டுக்கு வந்தாள். நான் ஒன்றும் கேட்காமல் முட்டைத் தட்டையும் ஊசியையும் அவள் முன்னால் வைத்தேன். அவள் ஒன்றை எடுத்துத் துளை போட்டு ஊதினாள். கன்னம் பழையபடி உப்பியது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"அந்த வருசம் நீ கட்டுன தோரணத்தைப் பாத்தேம்மா" என்றாள்.

"உன்ற கையில குடுத்தாங்களா?"

"இல்ல. அடுத்த நாள் மெஸ்ஸுக்குப் போறப்ப குப்பைத்தொட்டில கெடந்துச்சு. நம்ம தீவன மூட்டை நூலு. நீ கேட் வரைக்கும் வந்திருக்கீன்னு அப்பதான் தெரிஞ்சுது. ஒண்ணு எடுத்துக்கலாம்னு குனிஞ்சேன், லைன்ல நில்லுன்னு மிஸ் சத்தம் போட்டாங்க."

என் கணவர் பண்ணைக்குப் போயிருந்தார். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். இனியும் கேட்காவிட்டால் எப்போது கேட்பது என்று கேட்டேவிட்டேன். "அன்னிக்கு என்ன சாமி சொல்லோணும்னு இருந்தே?"

அவள் ஓட்டில் மிச்சமிருந்த மஞ்சளையும் கிண்ணத்தில் ஊதி இறக்கினாள்.

"அன்னிக்கு உள்ள வந்திருந்தீன்னா சொல்லியிருப்பேம்மா" என்றாள். கையிலிருந்த ஓட்டைத் தண்ணீரில் அலசி என்னிடம் நீட்டிவிட்டு, அடுத்த முட்டையை எடுத்தாள்.