மூன்றாவது தடவை பாடிய குரல்

வீட்டுக்காரருக்கு ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மாற்றலானபோது அந்த ஊரில் எனக்கு ஒருவரையும் தெரியாது. குருத்தோலை ஞாயிற்றுப் பவனியில் நடந்து நடந்துதான் அதன் தெருக்களைத் தெரிந்துகொண்டேன். எந்தத் தெருவுக்குள் நுழைகிறோமோ, அந்தத் தெருக்காரர்தான் பாட்டை எடுத்துக் கொடுக்க வேண்டும் என்பது எங்கள் கோயில் வழக்கம். தறிச் சத்தம் கேட்கும் தெருவில் இழுத்து, நிதானமாகப் பாடுவார்கள். அடுத்த சந்தில் வண்டிக்காரர்கள் அதே கீர்த்தனையை மாட்டை விரட்டுகிற வேகத்தில் பிடிப்பார்கள். ஒவ்வொரு முனை திரும்பும்போதும் இனி எப்படி வரப்போகிறதோ என்று எனக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும்.

நான் ராஜபாளையத்துக்காரி. எங்கள் பக்கம் பல்லவியை மூன்று தடவை பாடுவோம். இந்த ஊரில் எல்லாரும் இரண்டோடு முடித்துவிட்டுச் சரணத்துக்குப் போய்விடுவார்கள். ஆறு வயது மகளுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுத்தவள் நான் என்பதால் அவளுக்கும் மூன்றுதான்.

"ஏட்டி, ஊரோட ஒத்துப் பாடு. நம்ம மானம் போகுது" என்பார் வீட்டுக்காரர். பவனியின் முன்னால் ஆர்மோனியத்தைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நடப்பவர் அவர்.

"அவிய ரெண்டோட நிறுத்துனா அது அவிய சோம்பல்" என்பேன் நான்.

யுத்தத்துக்கு முந்திய ஒரு வருஷம். மகள் ஒரு கையில் குருத்தோலையும் மறு கையில் என் முந்தானையுமாக வந்தாள். கடைத்தெரு முனையில் எதிரே கத்தோலிக்கரின் ஆர்.சி. கோயில் பவனி வந்துவிட்டது. அவர்கள் பாட்டின் வார்த்தைகள் வேறு, மெட்டு மட்டும் எங்களுடையதே. அது யாருடைய மெட்டு என்று இரண்டு கோயிலுக்கும் தீராத வழக்கு. ராஜபாளையத்தில் என் தாய் வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த, தெலுங்கு பேசும் அம்மாள், "எங்க கோலாட்டப் பாட்டைத் தூக்கிட்டுப் போயி நீங்க ரெண்டு பேரும் சண்டை போடுதீங்களாக்கும்" என்று சிரிப்பார்.

அன்று இரண்டு கூட்டமும் விட்டுக்கொடுக்கவில்லை. ஜால்ராக்கள் அதிர்ந்தன. புழுதியும் ஓலையுமாக ஒருவருக்குள் ஒருவர் புகுந்து, எதிரெதிரே கடந்து போனோம். தொண்டை கிழியப் பாடினேன். அத்தனை சந்தோஷமாக நான் பாடியதே இல்லை.

முனை கடந்ததும் முந்தானை லேசாக இருந்தது. திரும்பிப் பார்த்தால் மகள் இல்லை. முன்னால் ஓடி வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

"புள்ளைகளோட போயிருப்பா. செத்த நேரம் பொறு" என்றார் வீட்டுக்காரர். சொல்லும்போதே அவர் முகம் வெளுத்துவிட்டது. பிள்ளைகள் வரிசையில் அவள் இல்லை. ஆழமான திருமுக்குளம் அங்கிருந்து கூப்பிடு தூரம். நான் வந்த வழியே ஓடினேன்.

முனைக்கு வந்தால் ஆர்.சி. பவனி இரண்டாகப் பிரிந்திருந்தது. ஆண்கள் பெரிய தெருவில், பெண்கள் சந்துக்குள். இரண்டு பக்கமும் பாட்டு. எந்தப் பக்கம் ஓடுவது? காதைக் கொடுத்து நின்றேன். பல்லவி ஒரு தடவை கேட்டது. இன்னொரு தடவை. பிறகு எல்லாரும் சரணத்துக்குப் போனார்கள். சந்துக்குள் மட்டும், அவர்களுக்குக் குறுக்கே, ஒரு கீச்சுக்குரல் மூன்றாவது தடவையாகப் பல்லவியையே பாடியது.

எப்படி ஓடினேன் என்று தெரியாது. என்னைப் போலவே வெள்ளைச் சேலை கட்டிய யாரோ ஒரு அம்மாளின் முந்தானையைப் பிடித்தபடி என் மகள் ஆள் மாறியதே தெரியாமல் நடந்துகொண்டிருந்தாள். மெட்டு மாறவில்லையே, அவளுக்கு எப்படித் தெரியும்?

ஜால்ரா போட்டுவந்த பெண் என்னைப் பார்த்தாள். "உங்க புள்ளையாம்மா? எம்புட்டு நேரமா எங்க தாளத்தைக் கெடுத்துக்கிட்டே வாரா!"

மகள் அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள். அழவில்லை, புகார்தான் சொன்னாள்: "யம்மா, இவிய மூணாவது தடவ பாட மாட்டேங்காவ."

சந்து முழுக்கச் சிரிப்பு. "அம்புட்டுதான தாயி? பாடிட்டாப் போச்சு" என்று அந்தப் பெண் ஜால்ராவைத் தட்டினாள். அத்தனை பெண்களும் பல்லவியைத் திரும்ப எடுத்தார்கள். நான் என் முந்தானையை மகள் கையில் திணித்தேன். ஆர்மோனியம் வயிற்றில் இடிக்க மூச்சிரைத்து ஓடிவந்த வீட்டுக்காரர், அப்படியே அவர்களோடு சேர்ந்து வாசித்தார்.

இப்போது மகள் என் தோளுக்கு வளர்ந்துவிட்டாள். ஆனாலும் பவனியில் இரண்டாவது தடவை முடிந்ததும் என் கை முந்தானையைத் தேடிப் போகிறது. பின்னாலிருந்து அவள் மூன்றாவதை எடுத்த பிறகுதான் நான் சரணத்துக்குப் போகிறேன்.