ரொட்டிப் பொத்தான்

ஹயாத் பேசுவது காதில் விழ வேண்டுமானால் மெஷின்களை நிறுத்தித்தான் ஆக வேண்டும் என்று தொழிற்சாலையில் கேலி பேசுவார்கள். அவ்வளவு மெல்லிய குரல். மளிகைக்காரன் இரண்டு தடவை "என்னது?" என்று கேட்டால், மூன்றாவது தடவை சொல்லாமல் வெறும் பையோடு வீட்டுக்கு வந்துவிடுவாள். ஒன்பதாவதோடு பள்ளியை விட்டவள். அவள் ஊரான கஸர் ஹிலாலில் அவள் வயதுப் பெண்கள் எல்லோரையும்போல ஜீன்ஸ் தைக்கும் தொழிற்சாலைக்குப் போனாள். கொஞ்சம் கம்ப்யூட்டர் தெரியும் என்பதால் சீக்கிரமே மெஷினிலிருந்து எழுப்பி, கண்ணாடி அறையில் சீட்டுகளைப் பதிகிற வேலைக்கு உட்கார வைத்தார்கள்.

வெட்டிய துணி கட்டுக் கட்டாகத் தையல் வரிசைக்கு வரும். ஒவ்வொரு கட்டோடும் சீட்டுகள் தொங்கும். பை தைத்தவள் பைக்கான சீட்டைக் கிழித்துத் தன் தாளில் ஒட்டிக்கொள்வாள், ஜிப் தைத்தவள் ஜிப்புக்கானதை. சாயங்காலம் தாள்கள் ஹயாத்திடம் வரும். யார் தாளில் எத்தனை சீட்டோ அதுதான் அவள் செய்த வேலை.

தையல் வரிசையில் மப்ரூகா தைப்பது பெல்ட் மாட்டுகிற பட்டை. ஆனால் அவள் தாளில் ஜிப் சீட்டு இருக்கும், பைச் சீட்டு இருக்கும். ஹயாத் அதைப் பார்ப்பாள். ஒன்றும் கேட்காமல் மப்ரூகாவின் பெயரில் பதிந்துவிடுவாள்.

மப்ரூகாவின் வலது மணிக்கட்டு வீங்கிக் கிடந்தது. கத்தரியைப் பிடித்தால் உதட்டைக் கடித்துக்கொள்வாள். அவளுடையது வருஷா வருஷம் புதுப்பிக்கிற ஒப்பந்தம். நாலாவது வருஷத்தைத் தாண்டிவிட்டால் நிரந்தரம், அப்புறம் அவளைச் சும்மா அனுப்ப முடியாது. அந்த நாலாவது வருஷம் பெருநாள் கழிந்த கையோடு முடிகிறது. அதுவரை அவள் தாள் நிறைந்திருக்க வேண்டும். அவ்வளவுதான் விஷயம்.

வரிசைப் பெண்கள் அதை நிறைத்தார்கள். சாப்பாட்டு நேரத்தில் யாராவது மண் அடுப்பில் சுட்ட தபூனா ரொட்டியைப் பிய்த்து, ஹரிஸ்ஸா மிளகாய் விழுது தடவி, காகிதத்தில் சுற்றி மப்ரூகாவிடம் நீட்டுவார்கள். காகிதத்துக்குள் ரொட்டியோடு இரண்டு மூன்று சீட்டு இருக்கும். கொடுத்தவள் சொல்லிக் காட்டமாட்டாள், வாங்கினவள் நன்றி சொல்லமாட்டாள். அந்தப் பேச்சே எடுப்பதில்லை. மப்ரூகா மட்டும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கமாட்டாள்.

"என்னடி தூஜா, ஹரிஸ்ஸாவுல காரமே இல்ல? உன் புருஷனையா அரைச்சுப் போட்ட?"

"அந்த ஆள அரைச்சா தண்ணிதான் வரும்க்கா" என்பாள் பக்கத்து மெஷின் தூஜா.

அந்தச் சிரிப்போடு சீட்டு கைமாறிவிடும்.

துணி வாங்குகிற வெளிநாட்டுக்காரர்களுக்குத் திடீரென்று ஒவ்வொரு மணி நேரக் கணக்கும் வேண்டியிருந்தது. தாளும் பசையும் இனி ஆகாது என்றார் மேலாளர் மொன்தர். 'சி மொன்தர்' என்றுதான் மரியாதையாகக் கூப்பிடுவார்கள். கம்ப்யூட்டர் கம்பெனியைக் கூப்பிட்டு போனுக்கு ஆப் செய்யச் சொன்னால் சொத்தை எழுதி வாங்குவார்கள். ஆனால் ஏதோ கூட்டத்தில் ஒரு கருவியைக் காட்டியிருந்தார்கள். அதில் புரோகிராம் எழுத வேண்டாம். திரையில் பெட்டிகளை இழுத்துப் போட்டு, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குக் கோடு இழுத்தால் ஆப் தயார்.

"ஹயாத், சீட்டு விஷயம் உன்னைவிட யாருக்குத் தெரியும்? நீயே பண்ணும்மா" என்றார்.

அவள் வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டாள். 'கட்டை ஸ்கேன் செய்' என்று ஒரு பெட்டி. அதிலிருந்து கோடு போய் 'பெயர்'. 'பெயரில்லை என்றால்' இந்தப் பக்கம், 'இருந்தால்' அந்தப் பக்கம். கோட்டை இழுத்து விட்டால் மறுபேச்சில்லாமல் அப்படியே நடந்தது. பிறந்ததிலிருந்து அவள் சொன்னதை யாரும் "என்னது?" என்று கேட்காமல் செய்தது கிடையாது. இந்தத் திரை செய்தது. பொத்தான்களுக்கு நிறம் மாற்றி மாற்றிப் பார்த்தாள். வீட்டில் அம்மா "சாப்பாடு ஆறுது" என்று கத்துகிற வரை உட்கார்ந்திருந்தாள்.

வரிசையில் விஷயம் பரவியது. வேலை முடிந்து வண்டிக்கு நிற்கையில் மப்ரூகா அவளை ஓரமாக இழுத்தாள்.

"ஏண்டி ஹயாத், இனிமே அவங்கவங்க போன்ல அவங்கவங்களே காட்டணுமாமே?"

"ஆமாக்கா."

"அப்ப நான்?"

ஹயாத் தரையைப் பார்த்தாள். மப்ரூகாவின் கை துப்பட்டாவுக்குள் இருந்தது.

"போன்ல ரொட்டி சுத்திக் குடுக்க முடியாதேடி."

"முடியும்க்கா. நான் பண்றேன்" என்றாள் ஹயாத், எப்போதையும்விடக் கொஞ்சம் சத்தமாக.

சொன்னபடி செய்தாள். ஸ்கேன் பொத்தானுக்குக் கீழே இன்னொரு பொத்தான். அமுக்கினால் வரிசைப் பெண்களின் பெயர்கள் வரும். ஒரு பெயரைத் தொட்டால் அந்தக் கட்டு அவள் கணக்கில் சேர்ந்துவிடும். அதற்கு என்ன பெயர் வைப்பது என்று தெரியவில்லை. பெயரே இல்லாத காரியம் அது. பட வரிசையில் தேடி, வட்டமான ரொட்டிப் படம் ஒன்றை இழுத்துப் போட்டாள். பெண்கள் அதைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தார்கள். "ஹரிஸ்ஸாவுக்கு எங்கடி பொத்தான்?" என்றாள் மப்ரூகா. ஒரு வாரம் வெள்ளோட்டம் பார்த்தார்கள். ரொட்டிப் பொத்தான் நன்றாகவே வேலை செய்தது. மப்ரூகாவின் கணக்கு நிறைந்தது.

அந்த வாரக் கடைசியில் சி மொன்தர் அவளைக் கூட்ட அறைக்குக் கூப்பிட்டார். துணி வாங்குகிற கம்பெனி ஆள் ஒருவரும் உட்கார்ந்திருந்தார். சுவரில் திரை. ஹயாத் ஸ்கேன் பொத்தானைக் காட்டினாள், பெயரைக் காட்டினாள். வந்தவர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். யாரும் "என்னது?" என்று கேட்கவில்லை. அவளுக்குக் குரல் தானாக எழும்பியது.

"இதென்ன ரொட்டி?" என்று சிரித்தார் சி மொன்தர்.

ஹயாத் சொன்னாள். எல்லாவற்றையும் சொன்னாள். கட்டை இன்னொருத்திக்குக் கொடுக்கலாம் என்று, ரொட்டியில் சுற்றிக் கொடுக்கிற வழக்கத்தைத்தான் இப்படி மாற்றியதாக, இந்தக் கோடு எங்கே போகிறது, அந்தப் பெட்டி என்ன செய்கிறது என்று. இரண்டு பேர் தன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது அவளுக்குப் புதிது.

"பேஷ்! இத்தனை வருஷமா இங்க இப்படி ஒண்ணு நடக்குதுன்னு எனக்கே தெரியாதும்மா" என்றார் அவர். முகத்தில் அதே சிரிப்பு. "சரி, யாரு ஜாஸ்தி வாங்குறாங்கன்னு இதுல தெரியுமா?"

"இப்ப தெரியாது சி மொன்தர். ஆனா பண்ணிரலாம்."

ஒரு வரைபடப் பெட்டியை இழுத்துப் போட்டாள். ரொட்டிப் பொத்தானிலிருந்து அதற்கு ஒரு கோடு. எல்லோர் கண் முன்னாலும் தூண்கள் முளைத்தன. எல்லாம் கட்டை விரல் உயரம், ஒன்று மட்டும் திரையின் உச்சிவரை. நீலம் எடுப்பாக இருக்கிறது என்றுதான் முதலில் நினைத்தாள். அப்புறம்தான் அதன் கீழே இருந்த பெயரைப் படித்தாள்.

கையை எடுத்தாள். எடுத்து என்ன செய்ய? அந்த வெளிநாட்டு ஆள் கை தட்டினார்.

பெருநாளுக்கு முன்பே மப்ரூகாவுக்குத் தகவல் வந்தது. ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாது. யாரும் கத்தவில்லை, யாரும் திட்டவில்லை. மேற்பார்வையாளர் வந்து மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனார். அவளும் கத்தரியை மெஷின் மேல் வைத்துவிட்டு எழுந்துகொண்டாள்.

ஹயாத் வாசல்வரை ஓடினாள்.

"அக்கா, நான் வேணும்னு பண்ணல. அவர் ரொட்டி என்னன்னு கேட்டாரு..."

மப்ரூகா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். கோபம் இருந்தால் தாங்கியிருக்கலாம். அவள் முகத்தில் இருந்தது ஆச்சரியம்.

"சாப்பாட்டு நேரம்னு சொல்லியிருக்கலாமேடி" என்றாள். "ரொட்டிதானே போட்டிருந்த. எந்த மடையனும் நம்பியிருப்பான்."

மப்ரூகா நல்ல கையால் துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு வண்டியில் ஏறினாள்.

மறுநாள் சி மொன்தர், ஆப்புக்காக என்று ஹயாத்துக்கு ஒரு பெட்டி மக்ரூத் இனிப்பு கொடுத்தார். கைரவான் நகரத்திலிருந்து வரவழைத்தது, தேன் சொட்டச் சொட்ட. சாப்பாட்டு நேரத்தில் அதைத் திறந்து வரிசைப் பெண்களிடம் நீட்டினாள். தூஜா பெட்டியைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள்.

"எனக்குச் சக்கரைடி" என்றாள்.

தூஜாவுக்குச் சர்க்கரை கிடையாது. அடுத்தவளும் சர்க்கரை என்றாள், அதற்கடுத்தவளும். வரிசை முழுக்க ஒரே நாளில் சர்க்கரை வந்துவிட்டது. பெட்டியை வீட்டுக்குக் கொண்டுபோனாள். அம்மா ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு, "நல்லா இருக்கே, யாரு குடுத்தா?" என்றாள்.

ரொட்டிப் பொத்தானின் கோட்டை அவளே அறுக்க வேண்டியிருந்தது. பொத்தானையும் எடுத்துவிடலாமா என்று கேட்டாள். சி மொன்தர் கொஞ்சம் யோசித்தார்.

"படம் அழகா இருக்கு, இருக்கட்டும். சாப்பிடப் போறப்ப ஒரு தடவை, வந்ததும் ஒரு தடவை அமுக்கச் சொல்லு. யாரு எவ்வளவு நேரம் சாப்பிடுறாங்கன்னு பார்ப்போம்."

ஹயாத் புதுப் பெட்டி ஒன்றை இழுத்துப் போட்டுக் கோடு இழுத்தாள். மறுபேச்சில்லாமல் அது வேலை செய்தது.