தோற்றது உறைக்கவில்லை

கேரம் ஆட்டத்தில் தோற்றால் அன்று எனக்குச் சோறு இறங்காது. ராயபுரத்தில் எங்கள் கிளப்பில் இது ஊரறிந்த விஷயம். போர்டுக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்து என்னோடு ஜோடி ஆடுபவன், ஓய்வு பெறும்வரை துறைமுகத்திலும் என் ஜோடிதான். நான் மேலே கிரேன் ஓட்டுவேன்; அவன் கீழே நின்று வாக்கிடாக்கியில் வழி சொல்வான்.

கை நடுங்க ஆரம்பித்து, பார்கின்சன் நோய் என்று டாக்டர் சொன்னபோது நான் முதலில் கேட்டது, "ஸ்ட்ரைக்கர் புடிக்க முடியுமா சார்?" என்றுதான். மூளையில் டோபமைன் சுரக்கும் செல்கள் குறைந்துவிட்டன, டோபமைன் மாதிரியே நடிக்கிற மாத்திரை ஒன்று இருக்கிறது என்றார். அடேயப்பா, மாத்திரையா அது! அளவு ஏற ஏற விரல்கள் மறுபடி என் பேச்சைக் கேட்டன. சட்டைப் பித்தானை நானே போட்டுக்கொண்டேன்.

பிறகுதான் கூத்து. எந்நேரமும் ரெட், அந்தச் சிவப்புக் காயின் மேலேயே எனக்குக் கண். ரெட்டைப் போட்டால் அடுத்த அடியிலேயே இன்னொரு காயும் போட வேண்டும்; இல்லாவிட்டால் ரெட் திரும்ப நடுவுக்கு வந்துவிடும். பாக்கெட் வாயிலேயே சுலபமான காய் கிடக்கும். அதை விட்டுவிட்டு, கட்டையில் மோதவிட்டு ரெட்டைத் தேடுவேன். தோற்போம். நான் சிரிப்பேன். "வுடு மாமு, அடுத்த போர்டு வை" என்பேன்.

ஒரு நாள் என் ஜோடி ஸ்ட்ரைக்கரை வைத்துவிட்டு எழுந்தான். "நீ என்கூட ஆடல மாமு. நீ பாட்டுக்கு ஆடிகினு கீற. நான் இன்னாத்துக்கு?" என்று போய்விட்டான். அவன் நாற்காலியில் வேறொருவனை உட்காரவைத்து நான் அடுத்த போர்டைத் தொடங்கினேன்.

வீட்டில் சொன்னதும் என் மனைவி முறைத்தாள். "முப்பது வருச தோஸ்து பூட்டான். உனுக்கு ஒண்ணியும் இல்லியா?"

யோசித்துப் பார்த்தேன். நிஜமாகவே ஒன்றும் இல்லை. பல் டாக்டர் ஊசி போட்ட கன்னத்தைத் தடவிப் பார்ப்பதுபோல உள்ளே தடவித் தடவிப் பார்த்தேன். எனக்கு அது வேடிக்கையாகத்தான் இருந்தது. அவளுக்குப் பயம் வந்துவிட்டது. டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள்.

நான் துருவித் துருவிக் கேட்டதற்கெல்லாம் டாக்டர் பொறுமையாகப் பதில் சொன்னார். "டோபமைன் செல்லுங்க சும்மா இருக்கும்போதும் மெதுவா துடிச்சுக்கிட்டே இருக்கும். நினைச்சதைவிட நல்லது நடந்தா படபடன்னு துடிக்கும். ஏமாந்தா கொஞ்ச நேரம் அடங்கிடும். இப்படிச் செய்யாதேன்னு அடுத்த செல்லுக்குப் போற சேதியே அந்த அடக்கந்தான். மாத்திரை நேரா அந்த அடுத்த செல்லுல போய் உட்கார்ந்துக்குது. அதனால இங்க அடங்கினது அங்க சரியாத் தெரியாது."

எனக்குச் சட்டென்று பிடிபட்டது. கப்பலின் சரக்குக் கிடங்கின் அடி, கிரேனில் இருப்பவனுக்குத் தெரியாது. கீழே இருப்பவன் "இறக்கு, இறக்கு" என்று சொல்லிக்கொண்டே இருப்பான். குரல் நின்றால் நிறுத்திவிட வேண்டும்.

"அதே சேனல்ல இன்னொருத்தன் பூந்து, இறக்கு இறக்குன்னு கத்திகினே இருந்தா?" என்றேன்.

"கிட்டத்தட்ட அதான்," என்று சிரித்தார். "எல்லாருக்கும் இப்படி ஆகாது. உங்களுக்கு ஆகுது. மாத்திரையை மெதுவா குறைப்போம். ஆனா நடுக்கம் கொஞ்சம் திரும்பி வரும்."

"ஐயோ, என் கை!" என்றேன்.

"பித்தான நான் போட்டு வுடறேன். நீ கம்முனு இரு," என்றாள் மனைவி.

மாத்திரை குறைந்தது. நடுக்கமும் வந்தது. ஒரு சாயங்காலம் கிளப்பில், விட்டால் தானே விழுந்துவிடும் என்கிற மாதிரி ஒரு காய். கை உதறித் தவறியது, தோற்றோம். எனக்கு வயிறு பற்றி எரிந்தது. வழக்கம்போல என் ஜோடியைத் திட்டுவதற்கு வாயைத் திறந்துகொண்டு நிமிர்ந்தேன். எதிரே வேறு எவனோ உட்கார்ந்திருந்தான். என் ஜோடி என்னை விட்டுப் போனது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

காசிமேட்டில் அவன் வீட்டுக் கதவைத் தட்டினேன். திறந்தான். எனக்கு அழுகைதான் வந்தது. அவன் என்னை மேலும் கீழும் பார்த்தான்.

"நான் உன்ன வுட்டுப் போயி எம்மாம் நாளாச்சு," என்றான். "இன்னிக்கித்தான் அழுவறியா மாமு?"